தோற்பதற்குப் பர்சன்ட் அண்ணன் பட்ட பாடு

சாமியே நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், "கெடைக்கறதுக்கு எத்தனை பர்சன்டுங்க சாமி?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் பர்சன்ட் அண்ணன்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

கருமத்தம்பட்டியில் ஒரு துணிக் கம்பெனியில் நான் சரக்கு அனுப்பும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவர். சுற்றுப்பட்டு ஊர்களில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள் நெய்து கொண்டுவரும் துணியை விளக்கு மேஜையில் விரித்து, லென்ஸ் வைத்து இழை எண்ணி, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதுவது அவர் வேலை. கட்டுத் துணியில் ஒரு முழத்தைப் பார்த்துவிட்டு மீதி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுவார். அதே பழக்கம் வாழ்க்கையிலும் வந்துவிட்டது. மேனேஜர் மகள் கல்யாணத்துக்கு, "எழுவது பர்சன்ட் வாரேனுங்க" என்றார். சொன்ன சொல் தவறவில்லை. முகூர்த்தம் பார்த்து, மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்து போய்விட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்திலேயே, "நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போறதுக்கு அறுவத்திரெண்டு பர்சன்ட் இருக்குதுங்க" என்று சொன்னவர் அவர். பெண் வீட்டார் பலகாரத் தட்டை உள்ளே எடுத்துப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, பெண் மட்டும் சிரித்துவிட்டு, "மீதி முப்பத்தெட்டை நான் பாத்துக்கறனுங்க" என்றாராம். அவர்தான் சாந்தாமணி அக்கா. மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, அந்த முப்பத்தெட்டையும் இன்றுவரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு நாள் போக்கர் வந்து சேர்ந்தது.

ஃபோனில் வந்த விளம்பரம்தான். ஆன்லைனில் சீட்டாடி வீணாய்ப் போனவர்கள் கதை ஊருக்கு ஊர் இருந்தது. நான் அதைச் சொன்னதும், "அது அதிர்ஷ்டத்தை நம்பி ஆடறவங்க கதைங்க தம்பி. இது கணக்கு" என்று என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். கையில் ரெண்டு சீட்டு. நடுவில் ஒவ்வொன்றாக ஐந்து சீட்டு விழும். ஒவ்வொரு கட்டத்திலும் பணத்தை ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்கலாம். இந்த ஒதுங்குவதுதான் வித்தை என்றார். நூறு ஆட்டம் வந்தால் எண்பதில் ஒதுங்கிவிட வேண்டுமாம்.

அவர் ஆடுவதைப் பார்ப்பது, ஒரு மனிதர் ஆடாமல் இருப்பதைப் பார்ப்பதுதான். மதியம் ஒரு மணிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். இடது கையில் ஃபோன், வலது கையில் தயிர்சோறு. "மடக்கிப்போட்டேன்" என்பார். ஒரு வாய் சாப்பிடுவார். "மடக்கிப்போட்டேன்" என்பார். காரக் குழம்பை விட்டுவிட்டார். காரம் கோபத்தைக் கிளப்பும், கோபம் வந்தால் கை நடுங்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நல்ல சீட்டு வைத்திருந்தும் தோற்றுப்போனால் உடனே ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளியே நிற்கும் லாரியை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். வெளியூர் டிரைவர் ஒருவர் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து இறங்கி டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார்.

இதுவரை சிரிக்கலாம். ஒரு நாள் ஒட்டிய கவர் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது அவருடைய ராஜினாமாக் கடிதம்.

ஒரு வருஷம் ஆடிப் பார்ப்பாராம். வருஷக் கடைசியில் லாபத்தில் நின்றால் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் ஆட்டம்தான். அதுவரை நான் கவரை வைத்திருக்க வேண்டும். நடுவில் அவரே வந்து கெஞ்சிக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

"எதுக்குங்கண்ணா இது? பாப்பா ப்ளஸ் டூ படிக்குது" என்றேன்.

"இருவது வருஷமா அடுத்தவன் நெய்ஞ்ச துணியில ஓட்டை தேடிட்டிருக்கறனுங்க தம்பி. எனக்குன்னு ஒரு திறமை இருக்குதான்னு ஒருக்கா பாத்துப்போடறேன்" என்றார். குரலில் விளையாட்டே இல்லை. நான் கவரை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து அந்த டிராயரில் பேனா எடுக்கவும் பயந்து, பக்கத்து மேஜையில் இரவல் வாங்கி எழுதினேன்.

ஒவ்வொரு மாசமும் முதல் திங்கட்கிழமை கட்டம் போட்ட தாளில் லாப நஷ்டத்தை வரைந்த கோடு ஒன்றைக் காட்டுவார். கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். மூன்றாம் மாசத்தில் கிட்டத்தட்ட எல்லாம் போயிற்று. ஐந்தாம் மாசத்தில் திரும்பி வந்தது. எட்டாம் மாசத்தில் கோடு மேலேயே நின்றது. ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒரு சிட்டிகை கமிஷன் எடுத்துக்கொள்ளும். நன்றாக ஆடுகிறவனையும் அந்தச் சிட்டிகை மெல்ல மெல்லத் தின்றுவிடும் என்று அவர்தான் சொன்னார். அதையும் தாண்டி அவர் மேலே நின்றார்.

சாந்தாமணி அக்காவிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. ரெண்டு நிமிஷம் என் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அவரு செயிக்கறாருங்களா, தோக்கறாருங்களா?"

"செயிக்கறாருங்க்கா."

"அதானுங்க பயமா இருக்குது" என்றார்.

எனக்கும் அதே பயம்தான். தோற்கிறவர் ஒரு நாள் நிறுத்துவார். ஜெயிக்கிறவரை யார் நிறுத்துவது? கம்பெனி கணபதிக்குச் சூடம் ஏற்றும்போது, அண்ணன் தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். நல்ல மனிதர் ஒருவர் நாசமாகாமலிருக்க நஷ்டமாக வேண்டும் என்று வேண்டுதல் வைத்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பத்தாம் மாசம் அவர் முகம் சரியில்லை. தாளை விரித்து வைத்துவிட்டு நகத்தைக் கடித்தார். யார் யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். ஃபோனில் இவர் ஆடும் மேஜைக்கு வருகிறவர்களில் சிங்கக்குட்டி என்ற பெயரில் ஒருவர் ஆடினார். மனிதருக்கு ஒதுங்கவே தெரியாது. எந்தச் சீட்டு வந்தாலும் கடைசிவரை நின்று, பணத்தை ஏற்றி, கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஒருவரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அண்ணனின் கோடு பூஜ்யத்துக்குக் கீழே படுத்துக் கிடந்தது.

"அப்ப உங்க திறமைன்னு..." என்று இழுத்தேன்.

"இருக்குதுங்க. ஆனா அந்த மனுசன் தெனமும் வரணுமுங்க" என்றார்.

அந்த வாரமே ஒரு மதியம். சோமனூரில் எட்டுத் தறி வைத்திருக்கும் பழனிச்சாமி ஆபீசுக்கு வந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தரி. அப்பழுக்கில்லாமல் நெய்துகொண்டிருந்தவர். ஏழெட்டு மாசமாக அவர் துணியில் குறுக்கு நூல் விடுபட்டுக்கொண்டே வந்தது. தறி ஓடும்போது ஆள் கவனமாக இல்லை என்று அர்த்தம். அண்ணனே நான்கு முறை ரிஜெக்ட் எழுதியிருந்தார். அன்றும் ரிஜெக்ட் ஆன கட்டைத் திருப்பி எடுத்துப்போகத்தான் வந்திருந்தார். ஆட்டோ வரும்வரை அறையின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் ஃபோனில் சிங்கக்குட்டி தன்னிடம் இருந்த பணத்தையெல்லாம் வைத்துவிட்டார். அண்ணனும் வைத்தார். கடைசிச் சீட்டு விழுந்தது. அண்ணனுக்கு ஜெயம். அதே நொடியில் பெஞ்சிலிருந்து, "அட கருமமே" என்று சத்தம் வந்தது. பழனிச்சாமி ஃபோனைக் குப்புற வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் தற்செயல் என்று நினைக்கத்தான் முயன்றார். அடுத்த ஆட்டத்துக்குச் சிங்கக்குட்டி மறுபடி பணம் போட்டுக்கொண்டு உட்கார, பெஞ்சில் பழனிச்சாமி விரலால் தட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்து அவர் எழுந்து போக, சிங்கக்குட்டியும் மேஜையை விட்டுப் போய்விட்டார். அண்ணன் டப்பாவை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. வெளியே போய் லாரியைச் சுற்றினார். மூன்று சுற்றில் நிற்கவில்லை. நான் போய்த்தான் கூட்டி வந்தேன்.

"அவரு துணியை ரிஜெக்ட் பண்ணினதும் நானுங்க. அவரு காசை எடுத்ததும் நானுங்க" என்றார்.

நேரில் சொல்லிவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. பழனிச்சாமி நாலு பேர் மதிக்கிற மனிதர், மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில் தெரிந்தால் தலை நிமிர மாட்டார் என்றார். வேறு வழி யோசித்து வைத்திருந்தார். எடுத்ததையெல்லாம் அதே மேஜையில் அவரிடமே தோற்றுவிடுவது.

ஜெயிப்பதற்குப் பத்து மாசம் படித்த மனிதருக்குத் தோற்கத் தெரியவில்லை. ஒன்றுக்கும் ஆகாத சீட்டை வைத்துக்கொண்டு அண்ணன் பணத்தை ஏற்றினால், பிறந்ததிலிருந்து ஒதுங்கியறியாத சிங்கக்குட்டி அன்றைக்குப் பார்த்து ஒதுங்கினார். பத்து மாசமாக இவரிடம் அடி வாங்கி இவர்மேல் மரியாதை வந்திருந்தது. ஒரு நாள் அண்ணனுக்கு ஏழும் ரெண்டும் வந்தது. போக்கரிலேயே மட்டமான கை அதுதானாம். சந்தோஷமாக, கையில் இருந்த பணத்தையெல்லாம் வைத்தார். சிங்கக்குட்டி இருப்பதிலேயே நல்ல கையான ரெண்டு ஏஸ் வைத்துக்கொண்டு சரியாக எதிர்த்து நின்றார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். நடுவில் ஏழு, ஏழு, ரெண்டு என்று வரிசையாக வந்து விழுந்தது.

"செயிச்சுப்போட்டனுங்க தம்பி" என்று அழுகிற குரலில் சொன்னார். ஒரு மனிதர் ஜெயித்துவிட்டு அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை.

கஷ்டப்பட்டு ஒரு நாள் நிஜமாகவே தோற்றார். ஆனால் நடுவில் எங்கோ இருந்து புகுந்த மூன்றாவது ஆள் ஒருவன் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். மூன்று வாரம் இப்படி நடந்தது. அப்புறம் ஃபோனில் ஒரு மெயில் வந்தது. உங்கள் ஆட்டம் சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது, வேண்டுமென்றே ஒருவருக்குத் தோற்பதாகத் தெரிகிறது, விசாரணை முடியும்வரை கணக்கு முடக்கப்படுகிறது. கவரை வைத்திருந்தவன் என்று என்னையும் விசாரிப்பார்களோ என்று ரெண்டு நாள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பழனிச்சாமியின் வீட்டம்மா ஆபீசுக்கு ஃபோன் செய்தார். அவர் அங்கே வந்தாரா என்று கேட்டார். விடிகாலையில் தறியை நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனவர் வரவில்லை. ஃபோன் அணைந்திருக்கிறது.

அண்ணன் லென்ஸை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் பக்கம்தான். அன்றைக்கு அந்த வழி முடியவே இல்லை.

"ஒண்ணும் ஆகியிருக்காதுங்களே அண்ணா? எத்தனை பர்சன்டுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கேக்காதீங்க தம்பி" என்றார்.

அவரோடு பழகிய அத்தனை வருஷத்தில் அவர் எண் சொல்லாதது அந்த ஒருமுறைதான்.

தறிக்கொட்டகைக்குப் போனோம். எட்டுத் தறியும் சத்தமில்லாமல் நின்றன. அந்த அம்மாள் வாசலில் நின்று முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பேக்கரியில் கேட்டோம். தறிக்கு நெடுக்கு நூல் சுற்றித் தரும் பாவுப் பட்டறையில் கேட்டோம். ரெண்டு இடத்திலும் வரவில்லை என்றார்கள். பேக்கரிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், காலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்து போனதைப் பார்த்ததாகச் சொன்னார்.

ஸ்டேஷன் என்றதும் அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. ஸ்டேஷன் வாசலில் வண்டியை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு ஓடினார். அது சாய்ந்து விழுந்த சத்தத்துக்கு நான்தான் திரும்பிப் பார்த்தேன்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. பக்கத்தில் ஈரோட்டுக்கு எடுத்த டிக்கெட். ரெண்டு ரயில் போய்விட்டிருந்தது. ஈரோட்டில் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் பழைய தறி வாங்குகிறாராம். ரெண்டு தறியைக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். ஏற மனசு வரவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் மனசு வரவில்லை.

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, ஃபோன்ல பொறுமைசாலின்னு ஒருத்தன் உங்ககூட ஆடினானுங்களே. அது நானுங்க."

பழனிச்சாமி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்து நான் ஒரு எட்டு முன்னால் போனேன்.

"அந்த ஏழு ரெண்டு?" என்றார் பழனிச்சாமி.

"நானுங்க."

"அந்தக் கையை வெச்சுட்டு யாராச்சும் அத்தனையும் வெப்பாங்களா? தப்பான ஆட்டமுங்க அது."

"தோக்கறதுக்குத்தானுங்க வெச்சேன். முடியலீங்க."

பழனிச்சாமிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டும்தான் என்று நினைக்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தான் எடுத்ததைத் திருப்பித் தருகிறேன் என்றபோது, "போச்சாது போங்க. ஆட்டத்துல உட்டது" என்று கையை ஆட்டிவிட்டார். அண்ணன் அதோடு விடவில்லை. அவர் ஃபோனை வாங்கி அந்த ஆப்பை அழித்தார். தன் ஃபோனிலிருந்தும் அழித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் தறிக்கொட்டகைக்கு வருவதாகச் சொன்னார். துணி தறியில் இருக்கும்போதே பார்த்துவிட்டால், விடுபட்ட நூலை அங்கேயே சரிசெய்துகொள்ளலாம் என்றார். அதுவரை ஞாயிறு மதியம் அவர் ஆட்டம் ஆடும் நேரமாக இருந்தது.

போனார். ஒரு வாரம்கூடத் தவறாமல் போனார். சாந்தாமணி அக்காவும் சில வாரம் கூடவே போய், அந்த அம்மாளுக்குத் துணையாக இருந்துவிட்டு வருவார். தறி விற்கவில்லை. மூன்று மாசத்தில் பழனிச்சாமியின் கட்டுகள் மறுபடி பாஸ் ஆயின. அண்ணன் அவர் துணிக்கு மட்டும் ரெண்டு முழம் கூடுதலாகப் பார்ப்பார். தெரிந்தவர் என்று சலுகை காட்டிவிடுவோமோ என்ற பயமாம்.

கவரை நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் கிழித்தார். பிற்பாடு சட்டம் வந்து, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டமெல்லாம் நின்றுபோனது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அது நடந்துகொண்டிருந்தால் நிலையாக ஜெயித்திருக்க முடியுமா என்று அவரிடம் கேட்டார்.

"முடியுமுங்க. ஆயிரத்துல ஒருத்தரால முடியலாம். அந்த ஒருத்தருக்குத் தெனமும் ஒரு பழனிச்சாமி வேணும். அவரு மொகத்தைப் பாக்காம இருக்கோணும்" என்றார் அண்ணன். கேட்டவருக்குப் புரியவில்லை. பழனிச்சாமி யார் என்று என்னிடம் வந்து கேட்டார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து சில மாசமாகிறது. இப்போது வேலை சரவணம்பட்டியில், கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில். யாரும் யாருடனும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. இருந்தாலும் மதியம் ஒரு மணியானால், எதிரே இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நான் டப்பாவைத் திறக்கிறேன்.